கிறிஸ்துமஸ் தாத்தா: கோலா கம்பெனி ஆளா, மீறாப் பட்டணத்து ஆயரா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். கேரல் ரவுண்ட்ஸில் இந்த வருஷம் உங்களைத் தாத்தா வேஷம் போடச் சொல்கிறார்கள். நண்பர் ஒருவர் "அது கோலா கம்பெனி விளம்பரத்துக்கு உண்டாக்கிய ஆள்" என்கிறார். உங்களுக்குத் தெரிந்த போதகர் "அது புறமதத் தெய்வம், தொடாதே" என்கிறார். எட்டு வயது மகளோ "அவர் நெசமாவே இருந்தாரா அப்பா?" என்று கேட்டுவிட்டாள். மூன்று கேள்வி மாதிரித் தெரிந்தாலும், நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான்: சிவப்பு உடை, வெள்ளைத் தாடி, மூட்டை எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டால் உள்ளே விசுவாசத்தோடு சம்பந்தப்பட்ட ஒரு மனிதர் மிஞ்சுகிறாரா? மிஞ்சுகிறார். ஆனால் நாம் எதிர்பார்க்கிற ஆள் இல்லை. இறையியல் மாணவர்களுக்குப் பல வருஷம் திருச்சபை வரலாறு நடத்தியவன் நான். டிசம்பர் வந்தால் வகுப்பில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கோலா விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கோகோ கோலாவுக்காக ஹாடன் சண்ட்ப்ளம் என்ற ஓவியர் தாத்தாவை வரையத் தொடங்கியது 1931இல். அதற்கு 68 வருஷம் முன்பே, 1863 ஜனவரியில், தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் அமெரிக்க வார இதழ் ஒன்றில் அவரை வரைந்துவிட்டார். சிவப்பு உடையும் 1931க்கு முந்தியதுதான். அந்த உருவத்தை உலகமெங்கும் கொண்டுபோனதில் கம்பெனிக்குப் பெரிய பங்கு உண்டு. உண்டாக்கியது அவர்கள் இல்லை.

உள்ளே இருக்கிற மனிதர் நிக்கோலாஸ். இன்றைய துருக்கியின் தென்கரையில் டெம்ரே என்றொரு ஊர் இருக்கிறது. பழைய பெயர் மைரா. உங்கள் வீட்டில் இருக்கும் தமிழ் வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 27ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பவுலைக் கைதியாக ரோமாபுரிக்குக் கொண்டுபோகிறபோது, லீசியா நாட்டு மீறாப் பட்டணத்தில் அலெக்சந்திரியாக் கப்பல் ஒன்றில் ஏற்றுவார்கள். அந்த மீறாதான் இந்த ஊர். பவுல் போய் ஏறக்குறைய 250 வருஷத்துக்குப் பிறகு, நான்காம் நூற்றாண்டின் முதல் பாதியில், அங்கே ஆயராக, அதாவது பிஷப்பாக இருந்தவர் நிக்கோலாஸ் என்பது மரபு. டிசம்பர் 6 அவருடைய திருநாள். இறந்த வருஷம் 343 என்று பல இடங்களில் போட்டிருப்பார்கள். அது பின்னால் வந்த மரபு, அவர் காலத்து ஏட்டில் உள்ளது இல்லை.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நிக்கோலாஸ் எழுதிய ஒரு கடிதம், ஒரு பிரசங்கம்கூட நம் கையில் இல்லை. அவர் வாழ்ந்த காலத்தில் அவரைப் பற்றி யாரும் எழுதிவைத்ததும் கிடைக்கவில்லை. அப்படியானால் அவர் இருந்தார் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? ஆறாம் நூற்றாண்டுக்குள் மீறாவில் அவருடைய கல்லறைக் கோயிலுக்கு மக்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். அதே நூற்றாண்டில் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளில் ஜஸ்டினியன் பேரரசர் அவர் பெயராலும் பிரிஸ்குஸ் என்ற இன்னொரு புனிதர் பெயராலும் ஒரு ஆலயம் கட்டியதை வரலாற்றாசிரியர் புரோகோப்பியுஸ் குறித்திருக்கிறார். ஒரு சின்னத் துறைமுக ஊர் ஆயரின் பெயர் தலைநகர் வரை போயிருக்கிறது என்றால், அந்த ஊரில் பலமான நினைவு ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆகவே இப்படி ஒருவர் இருந்தார், மீறாவில் ஆயராக இருந்தார், அவர் கல்லறையை அந்த ஊர் சீக்கிரமே கொண்டாடத் தொடங்கியது, இவ்வளவையும் தைரியமாகச் சொல்லலாம். இதற்கு மேல் வருவதையெல்லாம் கதை கதையாக எடைபோட வேண்டும்.

அவரைப் பற்றிய கதைகளில் மிகப் பழையதில் பரிசும் கிடையாது, குழந்தைகளும் கிடையாது. இது ஆச்சரியப்படவேண்டிய விஷயம். ஆறாம் நூற்றாண்டின் கடைசியிலேயே கான்ஸ்டான்டிநோபிள் குருவான யூஸ்திராத்தியுஸ் மேற்கோள் காட்டுகிற அளவுக்கு இது பழையது. கதை இதுதான். மூன்று படைத்தளபதிகள் ஒரு கலகத்தை அடக்கக் கப்பலில் போகிறார்கள். காற்று சரியில்லாமல் மீறாவின் துறைமுகமான அந்திரியாக்கியில் ஒதுங்குகிறார்கள். வீரர்கள் சந்தையில் புகுந்து வம்பு பண்ண, ஆயர் நேரில் வந்து தளபதிகளிடம் பேசி அமைதிப்படுத்துகிறார். அவர் அங்கே நிற்கும்போதே ஊரிலிருந்து ஆட்கள் ஓடி வருகிறார்கள்: ஆளுநர் லஞ்சம் வாங்கிக்கொண்டு குற்றமில்லாத மூன்று பேரை வெட்டக் கொடுத்துவிட்டான், நீங்கள் ஊரில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்கிறார்கள். ஆயர் புறப்பட்டு ஓடுகிறார். வழியெல்லாம் "இன்னும் உயிரோடு இருக்கிறார்களா?" என்று கேட்டுக்கொண்டே போகிறார். கொலைக்களத்தில் மூன்று பேரும் முகத்தைத் துணியால் மூடி, முழங்காலிட்டு, கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். கொலையாளி வாளை ஓங்கிவிட்டான். நிக்கோலாஸ் அந்த வாளைப் பிடுங்கி எறிகிறார், கட்டை அவிழ்க்கிறார், நேராக ஆளுநர் மாளிகைக்குப் போய் அவன் முகத்துக்கு நேராகக் கேள்வி கேட்கிறார்.

கதை அதோடு நிற்பதில்லை. அதே தளபதிகள் தலைநகர் திரும்பியதும் பொய்க்குற்றம் சுமத்தப்பட்டுச் சிறையில் விழுகிறார்கள். விடிந்தால் மரணம். மீறாவில் கண்ணால் பார்த்தது நினைவுக்கு வர, "நிக்கோலாஸின் தேவனே" என்று கூப்பிட்டு ஜெபிக்கிறார்கள். அன்றிரவு கான்ஸ்டன்டைன் பேரரசரின் கனவிலும், லஞ்சம் வாங்கிய அமைச்சன் அப்லாபியுஸின் கனவிலும் ஆயர் வந்து எச்சரிக்கிறார், தளபதிகள் தப்பிக்கிறார்கள். அப்லாபியுஸ் கற்பனைப் பெயர் இல்லை. 329 முதல் 337 வரை கிழக்குப் பகுதியின் தலைமை அதிகாரியாக இருந்தவர், வரலாற்றில் உள்ளவர். அதனால் கனவு நடந்தது என்று நிரூபணமாகிவிடாது. ஆனால் கதையைச் சொன்னவருக்கு அந்தக் காலத்து அதிகாரிகளின் பெயர் தெரிந்திருந்தது, அதற்கு எடை உண்டு. எனக்கு இந்தக் கதையில் பிடித்தது, அந்த ஊர் தன் ஆயரை எதற்காக நினைவில் வைத்திருந்தது என்பது. அதிகாரத்தின் கையில் அநியாயமாகச் சாகப்போகிறவனுக்காக ஓடிப்போய் நின்றவர் என்று நினைவில் வைத்திருந்தார்கள். 1888இல் ரஷ்ய ஓவியர் ரேப்பின் இந்தக் காட்சியைத்தான் பெரிய ஓவியமாகத் தீட்டினார்.

இன்னொரு கதை தானியத்தைப் பற்றியது. பஞ்ச காலத்தில் அலெக்சந்திரியாவிலிருந்து கோதுமை ஏற்றிப் போகும் கப்பல்களிடம் கொஞ்சம் இறக்கித் தரும்படி நிக்கோலாஸ் கேட்கிறார். அரசாங்கச் சரக்கு, அளந்து ஏற்றியது, குறைந்தால் எங்கள் தலை போகும் என்கிறார்கள் மாலுமிகள். அவர் பொறுப்பேற்க, இறக்குகிறார்கள். போய் அளந்து பார்த்தால் ஒரு படி குறையவில்லை. அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விஷயம். ஆனால் அந்திரியாக்கியில் ஹட்ரியன் பேரரசர் காலத்தில் கட்டிய பெரிய தானியக் கிடங்கு இன்றும் சுவரோடு நிற்கிறது. இப்போது அது லீசிய நாகரிக அருங்காட்சியகம். பவுல் ஏறிய கப்பலிலும் கோதுமை இருந்தது, புயலில் அதைக் கடலில் கொட்டினார்கள் என்று அதே அதிகாரம் சொல்கிறது. ஆக, இந்தக் கதை அந்தத் துறைமுகத்தின் அன்றாடத்திலிருந்து பிறந்த கதை. மாலுமிகள் நிக்கோலாஸைத் தங்கள் காவலராக எடுத்துக்கொண்டதும், கப்பல் போன இடமெல்லாம் அவர் பெயர் போனதும் இதனால்தான்.

சரி, பரிசு எங்கே வருகிறது? ஒன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மிக்கேல் என்ற மடத்துத் தலைவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் முதன்முதலாக விரிவாக வருகிறது. நிக்கோலாஸ் இறந்து கிட்டத்தட்ட 450 வருஷம் ஆகிவிட்டது. வசதியாக வாழ்ந்த ஒருவர் நொடித்துப்போகிறார். மூன்று பெண்கள். சீதனம் கொடுக்க வழியில்லை, கட்டிக்கொள்ள யாரும் வரவில்லை, கடைசியில் பெண்களை விலைமாதராக விட்டுப் பிழைப்பதென்று தகப்பன் முடிவெடுக்கிறார். இதன் வலியைத் தமிழ் வாசகருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்போது பெற்றோரை இழந்த இளைஞரான நிக்கோலாஸ், தன் பங்குச் சொத்திலிருந்து ஒரு பை பொன்னை இரவில் ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட்டு நடந்துவிடுகிறார். மூத்தவளுக்குக் கல்யாணம் நடக்கிறது. இன்னொரு இரவு இன்னொரு பை, அடுத்தவளுக்கு. மூன்றாவது தடவை தகப்பன் தூங்காமல் காத்திருக்கிறார். பை விழுந்த சத்தம் கேட்டதும் எழுந்து ஓடி, இருட்டில் அவரைப் பிடித்து, காலில் விழுகிறார். நிக்கோலாஸ் அவரைத் தூக்கி நிறுத்திச் சத்தியம் வாங்குகிறார்: நான் உயிரோடு இருக்கிற வரை இதை யாரிடமும் சொல்லக் கூடாது.

இந்தச் சத்தியம்தான் இந்தக் கதைக்கு உயிர். "உன் வலதுகை செய்கிறதை உன் இடதுகை அறியாதிருக்கக்கடவது" என்ற இயேசுவின் வார்த்தையை ஒரு இரவில் நடத்திக் காட்டுகிற கதை இது. இருட்டில் வந்து, முகம் காட்டாமல் வைத்துவிட்டுப் போவது என்கிற பழக்கத்தின் வேர் இங்கே இருக்கிறது. புகைபோக்கியும் காலுறையும் பின்னால் சேர்ந்தவை, மிக்கேலின் ஏட்டில் ஜன்னல் மட்டும்தான். 1425இல் ஜென்டிலே த ஃபாப்ரியானோ வரைந்த சின்னப் பலகை ஓவியம் ஒன்று வத்திக்கானில் இருக்கிறது. உள்ளே அந்த ஏழை வீட்டின் ஒரே அறை, தகப்பனும் மூன்று பெண்களும். வெளியே சுவரில் எம்பி நின்று, ஜன்னலுக்குள் கையை நீட்டுகிற ஓர் இளைஞர். உள்ளே ஒருவரும் அவரைப் பார்க்கவில்லை. கிறிஸ்துமஸ் தாத்தாவின் பழைய படம் ஒன்று காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இந்தக் கதை நடந்ததா? தீர்மானமாகச் சொல்ல ஏட்டில் இடமில்லை. தியானாவின் அப்பொல்லோனியுஸ் என்ற பழைய கிரேக்க ஞானி, பெண்களைக் கரையேற்ற வழியில்லாத ஒரு தகப்பனுக்குப் புதையல் கிடைக்கச் செய்ததாக மூன்றாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பார்த்து இது வந்தது என்பவர்கள் உண்டு. சீதனக் கவலை அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்தது, ஒரே மாதிரிக் கதை இரண்டு இடத்தில் பிறக்கலாம் என்பது என் எண்ணம். வாளைப் பிடுங்கிய கதையை நான் நம்புகிற அளவுக்கு இதை நம்பவில்லை. ஆனால் தன்னை வெளிக்காட்டாத ஈகை என்பது சபைக்குள்ளிருந்து வந்தது, சுவிசேஷத்திலிருந்து வந்தது என்பதில் சந்தேகமே இல்லை.

இணையத்தில் நீங்கள் பார்க்கப்போகும் இரண்டு குழப்பங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நிக்கோலாஸின் பெற்றோர் எப்பிபானியுஸ், நொன்னா என்று பெயரோடு போட்டிருப்பார்கள். அவர்கள் இன்னொரு நிக்கோலாஸின் பெற்றோர். மீறாவுக்குப் பக்கத்தில் சீயோன் மடத்தின் தலைவராக இருந்து, பின்பு பினாராவில் ஆயராகி, 564இல் இறந்தவர் அவர். ஒரே வட்டாரம், ஒரே பெயர், இருவருமே ஆயர்கள். அதனால் சீயோன் நிக்கோலாஸின் சம்பவங்கள் மீறா நிக்கோலாஸின் வரலாற்றில் கலந்துவிட்டன. அடுத்தது, 325ஆம் ஆண்டு நிசேயாவில் ஆயர்கள் கூடிய சங்கத்தில், கிறிஸ்து படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுஸை நிக்கோலாஸ் கன்னத்தில் அறைந்தார் என்பது. இதைப் படம் போட்டு எல்லோரும் பகிர்கிறார்கள். அந்தச் சங்கத்தில் கலந்துகொண்டவர்களின் பட்டியல்கள் பல உள்ளன. சிலவற்றில் அவர் பெயர் உண்டு, பலவற்றில் இல்லை. அறைந்த கதையோ நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் வருஷம் கழித்துத்தான் தலைகாட்டுகிறது, அதுவும் முதலில் "ஆரியுஸ் கட்சிக்காரன் ஒருவனை" என்றுதான். தயவுசெய்து இதைப் பிள்ளைகளுக்கு வரலாறாகச் சொல்ல வேண்டாம். இரண்டு பக்கமும் கிறிஸ்துவும் மரியாளும் சின்ன உருவமாக நின்று அவருக்குச் சுவிசேஷப் புத்தகத்தையும் ஆயர் தோளில் அணியும் துணிப்பட்டையையும் நீட்டுகிற கிழக்குச் சபைத் திருவோவியங்களை அந்தக் கதையோடு சேர்த்து விளக்குவது உண்டு. அறைந்ததற்காகப் பதவி பறிக்கப்பட்டவருக்கு அவை திரும்பக் கிடைத்தன என்பது அந்த விளக்கம்.

எலும்புகளின் கதை தனிக் கதை. மீறா பகுதி செல்ஜுக் துருக்கியர் கைக்குப் போன காலத்தில், 1087இல், இத்தாலியின் பாரி ஊர் மாலுமிகள் வந்து கல்லறையை உடைத்து எலும்புகளை எடுத்துப் போனார்கள். மே 9ஆம் தேதி பாரியில் இறக்கினார்கள். அவர்களுக்கு அது பக்தி, மீறா மக்களுக்குக் கொள்ளை. மிச்சம் இருந்ததை வெனிஸ்காரர்கள் சில வருஷத்தில் கொண்டுபோனார்கள். 1950களில் பாரி எலும்புகளையும் பிற்பாடு வெனிஸ் துண்டுகளையும் உடற்கூறு பேராசிரியர் லுயிஜி மார்ட்டினோ ஆராய்ந்தார். இரண்டும் ஒரே உடலைச் சேர்ந்தவையாக இருக்கலாம், வயதான ஓர் ஆண் என்று வந்தது. அது நிக்கோலாஸ்தானா என்று எலும்பு சொல்லாது. ஆனால் இந்த இடப்பெயர்வுக்குப் பிறகுதான் மேற்கு ஐரோப்பா முழுக்க நிக்கோலாஸ் பக்தி வேகமாகப் பரவியது.

பரவியபோது பள்ளிக்கூடங்களில்தான் ஆழமாக ஊன்றியது. மூன்று பிள்ளைகளைக் கொன்று உப்புத் தொட்டியில் போட்டிருந்த சத்திரக்காரனிடமிருந்து அவர்களை உயிரோடு எழுப்பினார் என்றொரு கதை 12ஆம் நூற்றாண்டு வாக்கில் வருகிறது. வாளிலிருந்து தப்பிய மூன்று பேரைக் கோபுரச் சிறையில் சின்னதாக வரைந்த படங்களை, தொட்டியில் நிற்கும் பிள்ளைகள் என்று மக்கள் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்தது என்பது ஓர் ஊகம். எனக்கு அது பொருத்தமாகப் படுகிறது. எப்படியோ அவர் மாணவர்களின் புனிதர் ஆனார். இங்கிலாந்தின் பேராலயங்களில் டிசம்பர் 6 அன்று பாடகர் சிறுவன் ஒருவனுக்கு ஆயர் உடை போட்டு, டிசம்பர் 28 வரை அவனை ஆயராக வைத்திருப்பார்கள். எட்டாம் ஹென்றி 1541இல் அதைத் தடைசெய்தார்.

16ஆம் நூற்றாண்டில் புராட்டஸ்டன்ட் சீர்திருத்தம் வந்தபோது புனிதர்களை வேண்டுவது கூடாது என்றாகிவிட்டது. ஆனால் பிள்ளைகள் பரிசுக்குக் காத்திருக்கிறார்களே, என்ன செய்வது? ஜெர்மானியப் புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் நாளை டிசம்பர் 24க்கு மாற்றி, பரிசு கொண்டுவருபவர் குழந்தை இயேசு, "கிறிஸ்ட்கிண்ட்" என்றார்கள். பரிசு டிசம்பர் 6லிருந்து கிறிஸ்துமஸுக்கு நகர்ந்ததற்கு இது முக்கியமான காரணம். உங்கள் போதகர் புராட்டஸ்டன்ட் மரபில் வந்தவர் என்றால், அவருடைய முன்னோர் கேட்ட கேள்வியைத்தான் அவரும் கேட்கிறார், அதற்கு நான் மரியாதை தருகிறேன். அந்தப் பெயரே அமெரிக்கா போய், "கிறிஸ் கிரிங்கிள்" என்று திரிந்து, இன்று தாத்தாவின் இன்னொரு பெயராகிவிட்டது.

நெதர்லாந்திலோ தடைகளை மீறி "சின்டர்கிளாஸ்" ஆயர் தொப்பியோடும் கோலோடும் நிலைத்தார். அந்தப் பெயர்தான் நியூயார்க்கில் "சாண்டா கிளாஸ்" ஆனது. டச்சுக் குடியேறிகள் நேராகக் கொண்டுவந்தார்கள் என்று எல்லோரும் சொல்வதை 1954இல் சார்லஸ் ஜோன்ஸ் என்ற அறிஞர் மறுத்தார். 1773இல் நியூயார்க் செய்தித்தாளில் "செயின்ட் எ கிளாஸ்" என்று ஒரு வரி இருக்கிறது, ஆனால் உண்மையான எழுச்சி எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்கும் நியூயார்க் வணிகர் ஜான் பின்டார்டும் 1809, 1810இல் பழைய டச்சுப் பெருமையைத் தூக்கிப்பிடித்தபோது வந்தது. பின்டார்ட் 1810 டிசம்பர் 6 விருந்துக்காக அச்சிட்ட படத்தில் நிக்கோலாஸ் ஆயர் அங்கியில், தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடு நிற்கிறார். பக்கத்தில் கணப்படுப்பில் காலுறைகள் தொங்குகின்றன. ஒரு சிறுமி பரிசோடு சிரிக்கிறாள், ஒரு பையன் அழுகிறான். 13 வருஷம் கழித்து, 1823இல் வெளிவந்த ஒரு கவிதையில் அவர் விலங்கு ரோமத்தால் ஆன உடையும் புகைபிடிக்கும் குழாயும் கொண்ட குள்ளமான கிழவர், எட்டு மான்கள் இழுக்கும் வண்டியில் வருகிறார். அங்கியும் ஒளிவட்டமும் போய்விட்டன. ஆயர் தாத்தாவாக மாறியது இந்த 13 வருஷத்தில்தான் என்று சொல்லலாம்.

புறமதம் என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். சின்டர்கிளாஸின் வெள்ளைக் குதிரை, ஓடின் என்ற பழைய வடஐரோப்பியத் தெய்வத்தின் குதிரையிலிருந்து வந்தது என்பார்கள். என் படிப்பு திருச்சபை வரலாறு, வடஐரோப்பிய நாட்டார் வழக்கு அல்ல. ஆனாலும் ஏடுகளைப் பார்க்கத் தெரிந்தவனாக இதைச் சொல்லலாம்: ஓடின் வழிபாடு மறைந்த காலத்துக்கும் அந்தக் குதிரை ஏட்டில் வரும் காலத்துக்கும் நடுவே பல நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது, அதை இணைக்கும் கண்ணி ஒன்றும் காட்டப்படவில்லை. ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் அவரோடு வருகிற கொம்பு வைத்த கிராம்பஸ் போன்ற துணை உருவங்களில் பழைய குளிர்கால வேஷங்களின் சாயல் இருக்கலாம், அதை மறுக்கமாட்டேன். நிக்கோலாஸே வேஷம் மாற்றிய புறமதத் தெய்வம் என்பதற்கு ஆதாரம் கிடையாது. "போப்பே அவரைப் புனிதர் பட்டியலிலிருந்து தூக்கிவிட்டார்" என்பதும் தவறு. 1969இல் போப் ஆறாம் பவுல் திருச்சபை நாட்காட்டியைத் திருத்தியபோது டிசம்பர் 6 விருப்பமிருந்தால் கொண்டாடும் நினைவு நாள் ஆனது, அவ்வளவுதான்.

வேஷம் போடுவதா வேண்டாமா என்பதை உங்கள் மனசாட்சிக்கும் சபைக்கும் விட்டுவிடுகிறேன். போட்டால், மூட்டையில் மிட்டாயோடு சேர்த்து ஒரு வீட்டுக்குத் தேவையான ஏதாவது ஒன்றை வைத்து, யார் கொடுத்தது என்று சொல்லாமல் வந்துவிடுங்கள். மகளுக்கு "இருந்தார்மா, ரொம்ப வருஷத்துக்கு முன்னால, கடற்கரை ஊரில் ஒரு ஆயர்" என்று சொல்லலாம், அது பொய்யில்லை. ஜன்னல் வழியாகப் பொன் விழுந்த கதையை, தகப்பன் எடுத்த அந்த முடிவை மட்டும் விட்டுவிட்டு, இப்போதே சொல்லுங்கள், "அப்படின்னு அவரைப் பத்திச் சொல்வாங்க" என்று சேர்த்துக்கொண்டு. ஓங்கிய வாளைப் பிடுங்கிய கதையைப் பத்துப் பன்னிரண்டு வயதில் சொல்லலாம். அப்போது அப்போஸ்தலர் 27ஐ எடுத்துவைத்து, மீறா எங்கே இருக்கிறதென்று வரைபடத்தில் அவளையே தேடச் சொல்லுங்கள்.